ஓரம் அடித்த திரி

"ஒரு அரசாங்கமே உங்க வீட்டுக்காரரைப் பார்த்துப் பயப்படுதுன்னா அவர் பெரிய ஆளுதாம்மா. என்னைப் பார்த்து எங்க வீட்டு எலிகூட நகர மாட்டேங்குது," என்றான் ரேடியோ.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. பஸ் கண்டக்டர் உடுப்பிலேயே வந்திருந்தாள். கழுத்தில் விசில் தொங்கியது. அதைக் கழற்றி வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"ரேடியோ, வால்யூம்," என்றார் ஸ்டெனோ அம்மா.

ரேடியோ வாயை மூடிக்கொண்டான். முன்பு மைக் செட் கட்டிப் பிழைத்தவன், இப்போது அவருக்கு எடுபிடி. 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று திறந்த வாயை அதன்பிறகு மூட மறந்துவிட்டான் என்று ஊரில் சொல்வார்கள். ஸ்டெனோ அம்மா அதற்கு நேர் எதிர். நீதிமன்றத்தில் இருபது வருடம் சுருக்கெழுத்து எழுதியவர். சாட்சிகள் சொன்னதை எழுதி எழுதி, அவர்கள் சொல்லாமல் விட்டதைக் கேட்கும் காது அவருக்கு வந்துவிட்டது. வேலையை விட்டபின் பேட்டரிக் கடை மாடியில் ஓர் அறை எடுத்து, அந்தக் காதை வைத்துத் துப்புத் துலக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தார்.

"முதல்லருந்து சொல்லும்மா."

"பூட்டிக் கிடக்கிற திடலைத் திறந்து விடணும்னு ஊர்வலம். அவர்தான் பேசறதா இருந்தது. அதுக்கு முந்தின நாள் காலையில போலீஸ் வந்துச்சு. யாரோ போன்ல சொல்லியிருக்காங்க. நேரா மொட்டை மாடிக்குப் போனாங்க, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி கையை விட்டாங்க, நாலு பாட்டில் எடுத்தாங்க. மண்ணெண்ணெய். வாயில துணித் திரி. அப்பவே தடுப்புக் காவல்னு எழுதி ஒரு வருஷத்துக்கு உள்ள தள்ளிட்டாங்க."

"ஒரு வருஷமா? வழக்கு, சாட்சி, வாய்தா, ஒண்ணும் இல்லாமலா?" என்றான் ரேடியோ.

"செஞ்சதுக்குத்தான் வழக்கு. செஞ்சிடுவான்னு சந்தேகம் வந்தா அது தடுப்புக் காவல். அங்க எதையும் நிரூபிக்க வேண்டாம். அதிகாரிக்குத் திருப்தியாயிட்டா போதும்," என்றார் ஸ்டெனோ அம்மா.

"கல்யாணமாகி எட்டு வருஷம் ஆச்சு, என் சம்சாரத்துக்கே நான் இன்னும் திருப்தியாகலக்கா."

"பேசறதுக்கு உரிமை உண்டு. ஆயுதம் இல்லாமக் கூடறதுக்கு உரிமை உண்டு. ஊர் முழுக்க நடந்து போகவும் உரிமை உண்டு. ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு 'ஆனா' இருக்கு."

"எங்க வீட்டு ஓனர் மாதிரி. 'வீடு முழுக்க உங்களுதுதான் தம்பி. ஆனா சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, மாடிக்குப் போகக் கூடாது, சத்தமா இருமக் கூடாது.'"

"அந்த 'ஆனா'வும் வேணும்டா. கூட்டத்துல ஒருத்தன் கொளுத்துன்னு கத்தினா ஊரே போயிடும். ஆனா அதை யார் கையில குடுக்கறோம்னு ஒண்ணு இருக்கு." அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "விசாரணை எப்ப?"

"இன்னிக்கு மூணு மணிக்கு. மூணு பேர் குழு. வக்கீல் வரக் கூடாதாம். நண்பர்னு ஒருத்தர் வரலாமாம். அவங்க காவல் சரிதான்னு சொல்லிட்டா ஒரு வருஷம் முழுசா உள்ளதான்." அவள் விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஏழு வாரம் ஆச்சு. நானும் மாமாவும் ஒவ்வொரு வாரமும் மனு போட்டுப் பார்க்கப் போறோம். மைக் முன்னாடி ரெண்டு மணி நேரம் மூச்சு விடாமப் பேசற மனுஷன், கம்பிக்கு அந்தப் பக்கம் வாயே திறக்கறதில்ல. நாங்க எழுந்து வர்ற வரைக்கும் எதுக்கோ காத்துக்கிட்டிருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்காரு."

"மாமான்னா?"

"அவரோட அப்பா. டெய்லர். வீட்டுக்குக் கீழயே கடை. பெரிய பையனை அந்தத் திடல்லதான் பறிகொடுத்தாரு, பன்னெண்டு வருஷம் முன்னாடி. அன்னிக்கு நடந்த துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம்தான் திடலைப் பூட்டினாங்க. இப்ப இவரும் உள்ள. மாமா பாதி ஆளாயிட்டாரு."

"மாடிக்கு யார் யார் வருவாங்க?"

"நாங்க மூணு பேர்தான். பக்கத்து மாடியிலருந்து யாராவது தாண்டி வந்திருக்கணும்."

ஸ்டெனோ அம்மா எழுந்தார். "பாட்டிலைப் பார்க்கலாம். ரேடியோ, கதவைப் பூட்டு."

ரேடியோ பூட்டினான். சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டான். அது கணுக்காலில் வந்து விழுந்தது.

"பையில ஓட்டைக்கா. இனிமே சாவியைத் தேடணும்னா நேரா செருப்புல தேடலாம், வசதிதான்."

*

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் பல்வலியோடு உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் கை வைத்தபடியே பேசினார்.

"பாருங்க, பரவாயில்ல. ஆனா எதுக்கு? அந்தக் கண்டக்டரம்மா எனக்குச் சாபம் விட்டுட்டுப் போயிருக்கு. அதுலதான் இந்தப் பல்லு."

ஏட்டு ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே நான்கு பழுப்பு நிறப் பாட்டில்கள். ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி திணித்திருந்தது. ரேடியோ முகர்ந்து பார்த்தான்.

"மண்ணெண்ணெய்தான்கா. சந்தேகமே இல்ல."

"அதைத்தான் நாங்களும் எழுதியிருக்கோம். வாடை அடிச்சுது," என்றார் இன்ஸ்பெக்டர்.

"சோதனைச் சாலைக்கு அனுப்பலையா?"

"வழக்குன்னா அனுப்புவோம். இது காவல் உத்தரவு. மேலதிகாரி கேட்கல, நானும் அனுப்பல."

ஸ்டெனோ அம்மா ஒரு பாட்டிலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார். கீழே வைத்தார். பிறகு ஒரு திரியின் நுனியைச் சுட்டுவிரலாலும் கட்டைவிரலாலும் பிடித்து மெல்ல வெளியே இழுத்தார். அடுத்ததையும் இழுத்தார். நான்கையும் மேசையில் வரிசையாகப் பரப்பினார்.

"ரேடியோ, பெட்ரோல் குண்டு செய்யறவன் துணியை எப்படி எடுப்பான்?"

"கையில கிடைச்ச பழைய பனியனை டர்ருனு கிழிப்பான்."

"இதைப் பாரு."

ரேடியோ குனிந்தான். அவன் முகத்தில் இருந்த விளையாட்டு மெதுவாகக் கலைந்தது. திரிகள் கிழிக்கப்படவில்லை, கத்தரிக்கப்பட்டிருந்தன. நான்கும் ஒரே அளவு. நூல் பிரியாமல் இருக்க நான்கு பக்கமும் ஓரம் மடித்து அடித்திருந்தது. தையல் முடியும் இடத்தில் பின்னுக்கு ஓட்டிக் கெட்டித் தையல் வேறு.

"எரியப் போற துணிக்கு யாருக்கா ஓரம் அடிப்பாங்க?"

"ஓரம் அடிக்காம ஒரு துணியைக் கையை விட்டு விட முடியாதவங்க."

இன்ஸ்பெக்டர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். ஸ்டெனோ அம்மா அவர் பக்கம் திரும்பினார். "போன் பண்ணினது ஆணா, பெண்ணா?"

"ஆள் சொல்லக் கூடாது. சட்டம்."

"யாருன்னு கேட்கல. என்ன சொன்னாங்கன்னு கேட்கறேன்."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "வயசான குரல். தொட்டிக்குப் பின்னாடி நாலு பாட்டில் இருக்குன்னு சொல்லிச்சு. போனை வைக்கறதுக்கு முன்னாடி..." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'ஐயா, அடிக்காமக் கூட்டிக்கிட்டுப் போங்க'ன்னு சொல்லிச்சு. நான் இத்தனை வருஷத்துல எத்தனையோ துப்பு வாங்கியிருக்கேன். அடிக்காதீங்கன்னு யாரும் சொன்னதில்ல."

ரேடியோ ஸ்டெனோ அம்மாவைப் பார்த்தான். அவர் பார்க்கவில்லை.

"அவர் என்ன சொன்னாரு? பிடிபட்டவர்?"

"அதுதான் எனக்குப் புரியல. மாடி ஏறும்போது சட்டம், உரிமைன்னு என்னை வெளுத்து வாங்கிக்கிட்டு வந்தாரு. பாட்டிலைக் காட்டினேன். இந்தத் திரியை இப்படித் தொட்டுப் பார்த்தாரு. அதோட பேச்சு நின்னுபோச்சு. எங்கே கையெழுத்துன்னு கேட்டாரு, போட்டாரு, வந்துட்டாரு."

ஸ்டெனோ அம்மா திரிகளைப் பழையபடி பாட்டில்களில் செருகினார். ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். "இதை நான் எடுத்துக்கறேன். மூணு மணிக்குத் திருப்பித் தரேன். அந்தப் பெட்டியை அங்க கொண்டு வருவீங்களா?"

"கொண்டு வரணும்னு சட்டம் இல்ல." இன்ஸ்பெக்டர் மறுபடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "கொண்டு வரக் கூடாதுன்னும் இல்ல."

*

தையல் கடையில் வெட்டுத் துணி ஒன்றுகூடத் தரையில் கிடக்கவில்லை. பெரியவர் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அளவு நாடா. எதிர்ச் சுவரில் ஓர் இளைஞனின் படம்.

"அவசரமா ஒரு பை தைக்கணும் அண்ணே. சாவியெல்லாம் கால் வழியா ஊருக்குப் போகுது," என்றான் ரேடியோ. அவன் குரலில் வழக்கமான சுருதி இல்லை.

திரைக்குப் பின்னால் போய் ஒரு பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு, கால்சட்டையைக் கொடுத்தான். பெரியவர் பையை வெளியே இழுத்துப் பார்த்தார். "துணியே நைஞ்சு போச்சு. வேற பை வைக்கணும்." அலமாரியிலிருந்து வெள்ளைப் பைத்துணியை எடுத்தார், கத்தரித்தார். மெஷின் ஓடியது. முடியும் இடத்தில் பின்னுக்கு ஓட்டிக் கெட்டித் தையல் போட்டார். கொடுக்கும் முன் நூல் நுனியைக் குனிந்து பல்லால் கடித்தார்.

ஸ்டெனோ அம்மா அந்தப் பையை விரலால் தடவினார். பிறகு திரியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அதே துணி. அதே தையல்.

பெரியவர் இரண்டையும் பார்த்தார். தப்பித்துக்கொள்ள ஒரு வார்த்தையைத் தேடுவதுபோல வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. மெஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தார், ஓடாத மெஷினை நிறுத்துவதுபோல.

"ஒரு நாள்னு நெனச்சேம்மா," என்றார்.

ஸ்டெனோ அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊர்வலத்தன்னிக்கு உள்ள வச்சிட்டு, சாயந்திரம் விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். முன்னெல்லாம் அப்படித்தான் செய்வாங்க. மண்டபத்துல உட்கார வச்சு, சோறு போட்டு, இருட்டறதுக்குள்ள அனுப்பிடுவாங்க. ஒரு வருஷம் உள்ள வைக்கற சட்டம் இருக்கறது எனக்குத் தெரியாது." அவர் படத்தைப் பார்க்காமல் படத்தின் பக்கம் கையைக் காட்டினார். "மூத்தவனுக்கும் தெரியாது. கூடக் கூடாதுன்னு அன்னிக்குக் காலையில உத்தரவு போட்டாங்களாம். அவன் வேலையிலருந்து நேரா திடலுக்குப் போனான். சட்டையில ஒரு ஓட்டையோட கொண்டு வந்தாங்க. அந்த ஓட்டையை நான் இழையோட்டித் தைச்சேன். கிழிஞ்ச சட்டையோட எப்படிம்மா அனுப்பறது?"

ரேடியோ லுங்கியோடு திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"ஊர்வலம் எப்படிப் போச்சு தெரியுமா? நான் கடையை மூடிட்டு ஓரமா நின்னு பார்த்தேன். மழை. எல்லாரும் குடையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாங்க. பேசினாங்க. வீட்டுக்குப் போனாங்க. ஒருத்தர் செருப்புகூட அறுந்து போகல."

"அப்பவே போய்ச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் ஒவ்வொரு வாரமும் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் என்னையே பார்ப்பான். இந்தப் பக்கம் மருமக உட்கார்ந்திருக்கும். அடுத்த வாரம் சொல்லிக்கலாம்னு வந்துடுவேன்."

ஸ்டெனோ அம்மா திரியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சொன்னா உங்களைப் பிடிப்பாங்க. பொய்த் தகவல் குடுத்தது குற்றம். நான் உங்களை இழுத்துக்கிட்டுப் போக மாட்டேன். மூணு மணிக்கு அங்க இருப்பேன்."

பெரியவர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார். செருப்பைத் தேடினார்.

*

குழுவின் அறை ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த ஓய்வு பெற்ற நீதிபதி, காது கேட்கும் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தார். இடப்பக்கம் இன்ஸ்பெக்டர், காலடியில் மரப்பெட்டி. வாசல் ஓரத்தில் கண்டக்டர் பெண்ணும் ரேடியோவும், அவர்களுக்கு முன் நாற்காலிகளில் ஸ்டெனோ அம்மாவும் பெரியவரும்.

இரண்டு காவலர்களோடு அவள் கணவன் வந்தான். உயரமான ஆள். ஏழு வாரத்தில் இளைத்துப்போய், சட்டைதான் அவனைச் சுமந்துகொண்டிருந்தது. கைப்பட்டியில் பொத்தான் போய், ஒரு நூல் தொங்கியது. அப்பாவைப் பார்த்ததும் அவன் நடை ஒரு நொடி நின்றது.

பெரியவர் எழுந்து நின்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பாட்டில் வைத்தது நான். போன் பண்ணினது நான். அவனுக்கு எதுவும் தெரியாது.

வாசலில் விசில் சங்கிலி மரக்கதவில் மோதும் சத்தம் கேட்டது. "மாமா..." என்றாள் அவள். "என்கூடவே வந்து உட்கார்ந்தீங்களே மாமா. என் தோள்ல சாய்ஞ்சு அழுதீங்களே."

நீதிபதி மகனிடம் திரும்பினார். "உங்க அப்பா சொல்றது சரியா?"

ஏழு வாரமாகத் திறக்காத வாய் திறந்தது.

"இல்ல. அவர் பொய் சொல்றாரு. பெத்த பாசம். பாட்டில் நாலும் என்னுதுதான்."

ரேடியோவின் கை தன்னையறியாமல் ஸ்டெனோ அம்மாவின் கைப்பையைப் பிடித்தது. "அக்கா, இவர் தன் தலையிலயே மண்ணைப் போட்டுக்கறாரு," என்றான் கிசுகிசுப்பாக.

"டேய், வேண்டாம்டா," என்றார் பெரியவர்.

"நீங்க உட்காருங்கப்பா."

ஸ்டெனோ அம்மா எழுந்தார். "நண்பர் என்கிற முறையில ஒரு கேள்வி கேட்கலாமா?"

நீதிபதி தலையசைத்தார்.

"தம்பி, பாட்டில்ல என்ன ஊத்தினீங்க?"

"மண்ணெண்ணெய்."

"எவ்வளவு?"

"கழுத்து வரைக்கும்."

"ஒரு கண்ணாடி டம்ளர் வேணும்," என்றார் ஸ்டெனோ அம்மா.

நீதிபதி தன் எதிரில் இருந்த டம்ளரைத் தள்ளினார். இன்ஸ்பெக்டரே பாட்டிலை எடுத்து, திரியை உருவி, ஊற்றினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, டம்ளருக்குள் மெல்ல ஒரு கோடு தெளிந்தது. மேலே ஒரு விரல் அகலம் எண்ணெய். கீழே முழுக்கத் தண்ணீர்.

மகன் அந்த டம்ளரைப் பார்த்தான். பேச்சு மேடையில் யாரும் பார்த்திராத ஒரு முகம் அவனுக்கு வந்தது.

"தண்ணியா?" என்றான்.

பெரியவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார். "முழுசா ஊத்த பயமா இருந்துச்சுடா. நீ எனக்குத் தெரியாம அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல நின்னுதானே சிகரெட் பிடிப்ப. தவறி ஒரு பொறி பட்டுடுச்சுன்னா?"

யாரோ ஒரு காவலர் சிரிக்கப் போய், அது சிரிப்பில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார்.

நீதிபதி டம்ளரை வெகுநேரம் பார்த்தார். "இதை வச்சு ஊரைக் கொளுத்த முடியாது. ஒரு ஆள் கெடுதல் பண்ணிடுவான்னு பயந்தா அரசாங்கம் அவனைத் தடுக்கலாம். தடுக்க வேண்டிய நேரமும் உண்டு. ஆனா இந்தப் பாட்டிலை யாரும் சாய்ச்சுப் பார்க்கக்கூட இல்ல." அவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தன் காலணியைப் பார்த்தார். "காவலுக்குப் போதுமான காரணம் இல்லைன்னு எழுதறோம். அரசாங்கத்து உத்தரவு வந்ததும் வெளியே போகலாம்." பேனா மூடியைத் திறந்தார். "பெரியவரை என்ன செய்யணும்கறது இந்தக் குழுவோட வேலை இல்ல. அது இன்ஸ்பெக்டரோட வேலை."

*

வராந்தாவில் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் அழைத்து வந்தார்கள். ஒருவனைக் கடைசியாக ஒருமுறை சிறைக்கு, ஒருவரை முதன்முறையாகக் காவல் நிலையத்துக்கு. இன்ஸ்பெக்டர் ஏட்டிடம், "அடிக்காமக் கூட்டிக்கிட்டு வா," என்றார். யாரும் அவரை அடிக்கப் போவதில்லை என்றாலும் சொன்னார்.

கண்டக்டர் பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். மாமனார் அவளைத் தாண்டும்போது அவள் நிமிரவில்லை. காலை மட்டும் ஒதுக்கி வழிவிட்டாள்.

மகன் நின்றான். "முதல் நாளே தெரியும்பா. திரியைத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு. சின்ன வயசுலருந்து என் சட்டை பூரா அந்தத் தையல்தானே."

"பின்ன ஏன்டா சொல்லல?"

"நீங்க வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒவ்வொரு வாரமும் இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு உட்கார்ந்திருப்பேன்." குரல் உடைந்தது. அதை அவன் சரிசெய்ய முயலவில்லை. "எனக்காகப் பயப்பட உங்களுக்கு உரிமை இருக்குப்பா. பூட்டறதுக்கு இல்ல."

பெரியவரின் கண் மகனின் கைப்பட்டியில் தொங்கிய நூலில் இருந்தது. கை தானாக மேல்சட்டைப் பைக்குப் போனது. கத்தரிக்கோலைக் காவலர் ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கை அந்தரத்தில் நின்றது.

மகன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான்.

பெரியவர் குனிந்து நூலைப் பல்லால் கடித்தார். கடித்த பிறகும் நிமிரவில்லை. மகனின் மணிக்கட்டில் நெற்றியை வைத்தபடி நின்றார். ஏட்டு இரண்டு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவராகவே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு வண்டிகள் இரண்டு பக்கமாகப் போயின.

படியில் மூன்று பேர் மீந்தார்கள். ஸ்டெனோ அம்மா அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அழவில்லை, விசிலை உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"ரேடியோ, ஏதாவது பேசுடா," என்றார் ஸ்டெனோ அம்மா.

ரேடியோ கால்சட்டைப் பைக்குள் கையை விட்டான். சாவி அங்கேயே இருந்தது. விரலால் தையலின் ஓரத்தைத் தடவினான். கெட்டியாக இருந்தது. கையை வெளியே எடுக்காமல், தெருவைப் பார்த்தபடி நின்றான்.